ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள்?

வார்டில் செவிலியர் செய்யும் வேலைகளிலேயே பெரிய வேலை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஊசி போட்டால் கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். டிரிப்ஸ் மாற்றினால் எழுதுகிறோம். காயத்துக்குக் கட்டுப் பிரித்துக் கட்டினாலும் எழுதுகிறோம். நோயாளியைக் கண்ணை எடுக்காமல் கவனித்தோம் என்று எழுத மட்டும் எங்கும் ஒரு கட்டம் கிடையாது. ஆனால் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த ஒருவர் பிழைப்பது பல நேரங்களில் அந்தக் கவனிப்பைப் பொறுத்துத்தான் இருக்கிறது. சர்ஜிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகவும் பிறகு இன்சார்ஜாகவும் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்தக் கவனிப்பையும் எண்ணால் அளக்கலாம், அளந்ததை அரசாங்கத்தின் முன் வைக்கலாம் என்று எனக்குக் காட்டியவை லிண்டா எய்கன் என்ற அமெரிக்கச் செவிலியரின் ஆய்வுகள். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் டியூட்டி சார்ட் போட உட்காரும்போதெல்லாம் அவர் கண்டு சொன்னவை என் நினைவில் இருந்தன.

கவனிப்பு என்றால் என்ன என்பதை முதலில் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம். மூச்சு எண்ணுவதையே எடுத்துக்கொள்கிறேன். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு தானாக மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடியே, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கலாம். அறுவைச் சிகிச்சை ஆனவருக்கு உள்ளே ரத்தம் கசிந்தாலோ தொற்று பரவத் தொடங்கினாலோ, பெரும்பாலும் முதலில் அசைவது இந்த எண்தான். 18 இருந்தது 22 ஆகும், பிறகு 26 ஆகும். நாடித்துடிப்பு கூடும். சிறுநீர்ப் பையில் ஒரு மணி நேரத்துக்கு 30 மில்லிகூட இறங்காது. நோயாளி போர்வையை இழுத்து இழுத்து விடுவார். பக்கத்தில் இருக்கும் அட்டெண்டர் வந்து, "சிஸ்டர், அப்பா ஒரு மாதிரி இருக்கார்" என்பார். அப்போது பிபி பார்த்தால் 120/80 என்றே இருக்கும். உடம்பு ரத்தக் குழாய்களைச் சுருக்கியும் இதயத்தை வேகப்படுத்தியும் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வயது குறைந்தவர்களில் இந்தத் தாங்கல் நெடுநேரம் நிற்கும், பிறகு ஒரேயடியாகச் சரியும். சரிந்த பின் ஓடுவதில் பலன் குறைவு. சரிவதற்கு முன்னால் இருக்கும் அந்தச் சில மணி நேரம்தான் செவிலியருக்குரிய நேரம்.

இதைச் சரியாகச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? காய்ச்சல், நாடி, மூச்சு, பிபி, சாச்சுரேஷன் பார்த்து, டிரெயினில் என்ன நிறம், எவ்வளவு வந்திருக்கிறது என்று குனிந்து நோக்கி, கட்டு நனைந்திருக்கிறதா என்று தொட்டு, நோயாளியிடம் இரண்டு வார்த்தை பேசி எழுதி முடிக்க, ஒருவருக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 பேருக்கு 40 நிமிடம். 40 பேருக்கு 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம். ஊசி, மருந்து, புது அட்மிஷன், போன் எதையும் சேர்க்காமல் ஒரே ஒரு சுற்றுக்கான கணக்கு இது. 40 பேரை ஒற்றை ஆளாகப் பார்க்கும் இரவுப் பணியில், சார்ட்டில் மூச்சு என்ற வரிசையில் மேலிருந்து கீழ்வரை 20, 20, 20 என்றே எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை எழுதிய பெண்ணின் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அந்த இரவில் அவளுக்கு எண்ண நேரமே இருந்திருக்காது.

எய்கனுக்கு முன்னால் இன்னொருவரைச் சொல்ல வேண்டும். ஜெஃப்ரி சில்பர் என்ற மருத்துவ ஆய்வாளர் தம் குழுவினருடன் 1992-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒருவருக்குச் சிக்கல் வருவது ஒன்று, சிக்கல் வந்தவர் காப்பாற்றப்படாமல் இறப்பது இன்னொன்று என்று அவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். சிக்கல் வருவதைப் பெரும்பாலும் நோயாளியின் வயதும் அவருக்கு ஏற்கெனவே இருந்த நோய்களும் தீர்மானிக்கின்றன. வந்த சிக்கலிலிருந்து மீட்கத் தவறுவதோ மருத்துவமனையின் தன்மையோடு கூடுதலாகப் பிணைந்திருந்தது. வார்டில் நிற்கிற எங்களுக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. நிமோனியா யாருக்கும் வரலாம். அதை முதல் நாளே பிடிப்பதும் மூன்றாம் நாள் பிடிப்பதும்தான் ஒரு வார்டுக்கும் மற்றொரு வார்டுக்கும் உள்ள வேறுபாடு. ஆனால் அது ஆய்வில் பிரித்துக் காட்டப்பட்ட பிறகுதான், காப்பாற்றுவதில் செவிலியரின் பங்கு எவ்வளவு என்று அளக்க வழி பிறந்தது.

அந்த வழியில் நடந்தவர் எய்கன். செவிலியராகத் தொடங்கி, சமூகவியலில் முனைவர் பட்டம் பெற்று, ராபர்ட் உட் ஜான்சன் அறக்கட்டளையில் சுகாதாரக் கொள்கை சார்ந்த பொறுப்புகளில் இருந்துவிட்டு, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நர்சிங் கல்லூரியில் ஓர் ஆய்வு மையத்தை நிறுவினார். அவருடைய முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, அவர் கேள்வி கேட்ட இடம். மருத்துவமனை நிர்வாகத்திடம் போய், "உங்களிடம் எத்தனை நர்ஸ்கள்?" என்று கேட்டால் சம்பளப் பட்டியல் கிடைக்கும். பட்டியலில் இருப்பவர்களில் ஒருவர் பிரசவ விடுப்பில் இருப்பார், ஒருவர் அலுவலக வேலையில் இருப்பார், ஒருவர் வெளிநோயாளிப் பிரிவில் இருப்பார். எய்கன் பென்சில்வேனியா மாநிலத்தில் பதிவு பெற்ற செவிலியர்களுக்கே வினாத்தாள் அனுப்பினார். கடைசியாகச் செய்த பணிநேரத்தில் உங்கள் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள் என்று கேட்டார். 168 மருத்துவமனைகளைச் சேர்ந்த 10,184 செவிலியரின் பதில்களை, அதே மருத்துவமனைகளில் பொது அறுவை, எலும்பு, ரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 2,32,342 பேரின் பதிவுகளோடு பொருத்தினார். நோயாளிகளின் வயது, நோயின் கடுமை, மருத்துவமனையின் அளவு, அது பயிற்சி மருத்துவமனையா, அங்கே என்ன தொழில்நுட்பம் இருக்கிறது என்பவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்தார்.

இந்த ஆய்வுக் கட்டுரை 2002 அக்டோபரில் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது. சிக்கல் வந்தவரை மீட்கத் தவறும் வாய்ப்பும் அதே 7 விழுக்காடு. செவிலியர் வேலையில் களைத்துச் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 விழுக்காடும், வேலையில் மனநிறைவு இல்லாமல் போகும் வாய்ப்பு 15 விழுக்காடும் கூடுகின்றன. ஒரு செவிலியருக்கு 4 பேர் இருக்கும் இடத்தையும் 8 பேர் இருக்கும் இடத்தையும் ஒப்பிட்டால், இறப்பதற்கான வாய்ப்பு 31 விழுக்காடு அதிகம்.

இந்த எண்களை மாணவிகளிடம் சொல்லும்போது நான் அவசரப்படுவதில்லை. 7 விழுக்காடு என்றவுடன் 100 பேரில் 7 பேர் கூடுதலாக இறக்கிறார்கள் என்று எண்ணிவிடுவார்கள். அந்த ஆய்வில் 100 பேரில் ஏறத்தாழ 2 பேர் 30 நாளுக்குள் இறந்திருந்தார்கள். ஏறத்தாழ 23 பேருக்குப் பெரிய சிக்கல் வந்திருந்தது. சிக்கல் வந்தவர்களில் 100-க்கு 8 பேருக்குச் சற்று மேல் இறந்தார்கள். அந்த 2-உம் அந்த 8-உம்தான் ஏறி இறங்குகின்றன. சிறிய எண்ணாகத் தோன்றும். ஆண்டு முழுக்க ஒரு மாநிலத்தில் நடக்கும் எல்லா அறுவைச் சிகிச்சைகளோடும் பெருக்கிப் பார்த்தால் அது சிறியதல்ல. இன்னொன்றையும் சொல்லிக்கொடுக்கிறேன். இது இருப்பதை உள்ளபடி பார்த்து ஒப்பிட்ட ஆய்வு. இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன என்று காட்டுகிறது, காரணத்தை நேராக நிறுவுவதில்லை. அதனால்தான் எய்கன் அதோடு நிற்காமல் வேறு நாடுகளிலும், சட்டம் மாறிய இடங்களிலும் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

இந்த ஆய்வு என் டியூட்டி சார்ட்டை மாற்றியது. 30 படுக்கை வார்டுக்கு 15 செவிலியர் இருக்கிறார்களே, ஒருவருக்கு 2 நோயாளிதானே என்று மேலே இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கணக்கைப் பிரித்துப் போட்டால் உண்மை வேறு. ஒரு நாளைக்கு 3 பணிநேரம், வாரத்துக்கு 21. வார ஓய்வு போக ஒருவர் 6 பணிநேரம் பார்ப்பார். ஆக, இரவும் பகலும் ஒரே ஒரு செவிலியர் வார்டில் நிற்பதற்கே 3.5 பேர் வேண்டும். தற்செயல் விடுப்பு, மருத்துவ விடுப்பு, பிரசவ விடுப்பு, பயிற்சி இவற்றையும் சேர்த்தால் 4 பேருக்கு மேல் போகும். அந்த 15 பேரைக் கொண்டு, விடுப்பே யாரும் எடுக்காவிட்டாலும், ஒரு பணிநேரத்துக்குச் சராசரியாக 4 பேருக்குச் சற்று மேல்தான் நிறுத்த முடியும். காலையில் ஆபரேஷன், ரவுண்ட்ஸ் என்று ஆள் கூடுதலாகப் போட்டால் இரவுக்கு மிஞ்சுவது 2 பேர். அப்போது ஒருவருக்கு 15 நோயாளிகள். பட்டியலில் 2 என்று தெரிந்த எண் இரவில் 15 ஆகிறது. நோயாளி பிழைப்பது அந்த 15-ஐப் பொறுத்தது. இன்சார்ஜ் ஆகும் எவரும் இந்தக் கணக்கைத் தாளில் போட்டு மேலதிகாரியின் மேசையில் வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தையாக "ஆள் போதலை சார்" என்று சொன்னால் அது புலம்பலாகப் போய்விடும்.

ஆள் எண்ணிக்கைக்கு அடுத்தபடியாகப் படிப்பு. 2003-இல் எய்கனின் குழு அதே பென்சில்வேனியா மருத்துவமனைகளை வைத்து இன்னொரு கேள்வி கேட்டது. பட்டப்படிப்பு முடித்த செவிலியர்களின் பங்கு 10 விழுக்காடு கூடும் இடத்தில் இறப்பதற்கான வாய்ப்பு 5 விழுக்காடு குறைந்திருந்தது. 2014-இல் லான்செட் இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வு 9 நாடுகளின் 300 மருத்துவமனைகளையும் 4,22,730 நோயாளிகளையும் எடுத்துக்கொண்டது. அங்கும் ஒரு நோயாளி கூடினால் 7 விழுக்காடு ஏற்றம், பட்டதாரிகள் 10 விழுக்காடு கூடினால் 7 விழுக்காடு இறக்கம். நாடு, மொழி, காப்பீட்டு முறை எல்லாம் வேறாக இருந்தும் எண் ஏறக்குறைய அதே இடத்தில் வந்து நின்றது.

நம் ஊரில் பட்டயப் படிப்பான ஜிஎன்எம் படித்தவர்களும் பட்டப்படிப்பான பிஎஸ்சி படித்தவர்களும் ஒரே வார்டில் வேலை பார்க்கிறோம். இந்த ஆய்வை ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்தும் ஆயுதமாக எடுத்துக்கொள்வது தவறு. என் கைக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களில் பலர் ஜிஎன்எம் முடித்த மூத்த சிஸ்டர்கள். நரம்பு கிடைக்காத குழந்தைக்கு ஐவி போட அவர்களுக்கு இணை யாரும் கிடையாது. படிப்பு சேர்க்க வேண்டியது வேறொன்று. கண்ணில் பட்ட மாற்றத்துக்குப் பின்னால் உடம்பில் என்ன நடக்கிறது என்று யோசிக்கவும், அதை மருத்துவரிடம் மறுக்க முடியாதபடி எடுத்துச் சொல்லவும் அது பழக்க வேண்டும்.

நடு இரவில் டியூட்டி டாக்டரை எப்படி அழைப்பது என்பதை நான் வகுப்பில் ஒரு பாடமாகவே நடத்துகிறேன். அனுபவம் இல்லாத பெண், "சார், பேஷன்ட் நல்லா இல்லை சார்" என்பாள். அந்தப் பக்கம், "பிபி எவ்வளவு?" என்ற கேள்வி வரும். "நார்மல் சார்." "சரி, பார்த்துக்கோங்க." பேச்சு முடிந்துவிடும். அதையே இப்படிச் சொல்லப் பழக்குகிறேன்: "சார், சர்ஜிக்கல் வார்டு சிஸ்டர் பேசுறேன். 16-ஆம் பெட், நேத்து குடல் ஆபரேஷன் ஆனவர். ராத்திரி 10 மணிக்கு மூச்சு 18, இப்ப 26. பல்ஸ் 118. ரெண்டு மணி நேரத்துல யூரின் மொத்தமே 30 மில்லி. வயிறு இறுகியிருக்கு. பிபி இன்னும் நார்மல்தான். நீங்க இப்பவே வந்து பார்க்கணும் சார்." யார் பேசுகிறோம், நோயாளியின் பின்னணி என்ன, என்ன மாறியிருக்கிறது, நமக்கு என்ன வேண்டும். இந்த நான்கும் இருந்தால் எந்த மருத்துவரும் எழுந்து வருவார். மாணவிகளை ஜோடி ஜோடியாக உட்காரவைத்து, ஒருத்தி டாக்டராகவும் ஒருத்தி சிஸ்டராகவும் பேசச் சொல்கிறேன். தொடக்கத்தில் தயங்குவார்கள். பெரியவர்கள் முன்னால் உறுதியாகப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண்கள் அவர்களில் பலர். கையில் எண் இருந்தால் குரல் தானாக நிமிர்வதைப் பார்க்கிறேன்.

செவிலியர் கல்வியில் தமிழ்நாட்டுக்குப் பழைய உரிமை உண்டு. மருத்துவர் ஐடா ஸ்கட்டர் வேலூரில் 1909-இல் நர்சிங் பள்ளி தொடங்கினார். இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு முதன்முதலில் 1946-இல் டெல்லியிலும் வேலூரிலும் தொடங்கியது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த புதிய பிஎஸ்சி பாடத்திட்டம் செமஸ்டர் முறையில் அமைந்திருக்கிறது. ஆராய்ச்சியும் புள்ளியியலும் மேலாண்மையும் அதில் இருக்கின்றன. புள்ளியியலைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறக்கும் பாடமாக நடத்தக் கூடாது. ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போரில் இறந்த சிப்பாய்களின் கணக்கை 1858-இல் வண்ண வரைபடமாக்கி ஆட்சியாளர்கள் முன் வைத்தவர். காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்களே அதிகம் பேரைக் கொன்றன என்று அந்தப் படம் காட்டியது. விளக்கேந்திய அம்மையாராக மட்டும் அவரைப் பாடநூலில் காட்டுவது போதாது. எண்ணைக் கையில் எடுத்த முதல் பெரிய செவிலியர் அவர்.

மூன்றாவது, தலைமை. எய்கனின் ஆய்வுகளில் நான் அதிகம் யோசித்தது 2011-இல் வந்த ஒன்றைத்தான். செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டினால் எல்லா இடத்திலும் ஒரே பலன் கிடைக்கிறதா என்று அதில் பார்த்தார்கள். பணிச்சூழல் நன்றாக இருக்கும் மருத்துவமனைகளில் நல்ல பலன் தெரிந்தது. நடுத்தரமான இடங்களில் கொஞ்சம் தெரிந்தது. சூழல் மோசமாக இருந்த இடங்களில் ஆளைக் கூட்டியும் பலன் தெரியவில்லை. பணிச்சூழல் என்பது ஏதோ புகைமூட்டமான சொல் அல்ல. எய்கனின் பல்கலைக்கழகத்தையே சேர்ந்த ஐலீன் லேக் 2002-இல் அதை அளக்க 31 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார். மருத்துவமனை முடிவுகளில் செவிலியருக்கு இடம் உண்டா, தரத்தைக் காக்கும் நடைமுறைகள் உண்டா, வார்டுப் பொறுப்பாளர் திறமையானவரா, துணை நிற்கிறாரா, ஆளும் பொருளும் போதுமா, மருத்துவருக்கும் செவிலியருக்கும் உறவு எப்படி என்று ஐந்து பகுதிகள் அதில் இருக்கின்றன.

இந்த ஐந்தில் பாதிக்குமேல் இன்சார்ஜின் கையில் இருக்கிறது. காலையில் நோயாளிகளைப் பிரித்துக் கொடுக்கும்போது 1 முதல் 10 வரை ஒருத்திக்கு, 11 முதல் 20 வரை இன்னொருத்திக்கு என்று வரிசையாகக் கொடுத்தால் வேலை எளிதாக முடியும். ஆனால் போஸ்ட் ஆப் நோயாளிகள் நான்கு பேரும் ஒரே வரிசையில் இருந்தால், அவர்கள் நேற்றுச் சேர்ந்த பெண்ணிடம் போய்விடுவார்கள். நோயின் கடுமை பார்த்துப் பிரிக்க வேண்டும், புதியவரை அனுபவசாலியோடு சேர்க்க வேண்டும். இன்டென்ட் போடுவது, சாம்பிளை லேபுக்கு எடுத்துப்போவது, மருந்துக் கிடங்குக்கு நடப்பது, போன் எடுப்பது ஆகியவற்றை யார் செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். இவற்றைச் செவிலியர் தலையில் கட்டினால், பெயருக்கு 5 பேர் இருந்தாலும் நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் 3 பேர்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, "எனக்கு இவரைப் பார்த்தால் சரியாகப் படவில்லை" என்று ஒரு சிஸ்டர் சொன்னால் அதை உடனே மதித்துப் போய்ப் பார்க்க வேண்டும். நள்ளிரவில் அழைத்ததற்காக மருத்துவர் அவளைக் கடிந்துகொண்டால், மறுநாள் காலை ரவுண்ட்ஸில் இன்சார்ஜ் அவள் பக்கம் நிற்க வேண்டும். ஒருமுறை கைவிடப்பட்டவள் அடுத்த முறை போனை எடுக்க மாட்டாள்.

ஆள் குறையும்போது முதலில் விழுவது எது என்றும் ஆய்வு சொல்கிறது. இங்கிலாந்தில் செய்த ஓர் ஆய்வில், கடைசிப் பணிநேரத்தில் செய்ய வேண்டிய ஏதோ ஒன்றையாவது செய்யாமல் விட்டதாக 86 விழுக்காடு செவிலியர் சொன்னார்கள். அதிகம் விடுபட்டது நோயாளியிடம் பேசுவதும் ஆறுதல் சொல்வதும். அதை விட்டதாக 66 விழுக்காட்டினர் சொன்னார்கள். நம் மருத்துவமனைகளில் அந்த இடத்தைப் பெரும்பாலும் குடும்பத்தார் நிரப்புகிறார்கள். ஊட்டுவதும் துடைப்பதும் திருப்பிப் படுக்கவைப்பதும் அட்டெண்டர்தான். "சிஸ்டர், டிரிப்ஸ் தீரப்போகுது" என்று ஓடிவருபவரும் அவரே. அவர்களுக்கு நான் என்றும் நன்றியுடையவள். ஆனால் மூச்சு 18-லிருந்து 26 ஆனதை அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். துணைக்கு யாருமில்லாமல் தனியாக வந்து படுத்திருப்பவரின் நிலை இன்னும் மோசம்.

ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்ற கேள்வி ஆய்விதழ்களோடு நின்றுவிடவில்லை. கலிஃபோர்னியா 1999-இல் சட்டம் இயற்றி 2004 முதல் செவிலியர்-நோயாளி விகிதத்தை நடைமுறைப்படுத்தியது. 2005 முதல் பொது வார்டில் ஒருவருக்கு அதிகபட்சம் 5 நோயாளிகள். 2010-இல் எய்கனின் குழு அந்த மாநிலத்தைப் பென்சில்வேனியாவோடும் நியூ ஜெர்சியோடும் ஒப்பிட்டுப் பார்த்தது. கலிஃபோர்னியாவின் விகிதம் அங்கும் இருந்திருந்தால் அறுவைச் சிகிச்சை இறப்புகள் பென்சில்வேனியாவில் 10.6 விழுக்காடும் நியூ ஜெர்சியில் 13.9 விழுக்காடும் குறைந்திருக்கும் என்று கணித்தது. வேல்ஸ் 2016-இல் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் குறிப்பிட்ட அரசு மருத்துவமனைகளில் பகலில் ஒருவருக்கு 4, இரவில் 7 என்று வரையறுத்தது. சட்டம் வருவதற்கு முன்னும் பின்னும் அளந்து, சட்டத்துக்குட்பட்ட 27 மருத்துவமனைகளையும் உட்படாத 28 மருத்துவமனைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் லான்செட்டில் வந்தது. மேத்யூ மெக்யூ, எய்கன் முதலியோர் செய்த அந்த ஆய்வில், விகிதம் வந்த இடங்களில் இறப்பு குறைந்திருந்தது, தங்கும் நாட்கள் கூடுதலாகக் குறைந்திருந்தன, மறு அட்மிஷன் மற்ற இடங்களைப்போல ஏறவில்லை. தங்கும் நாட்கள் குறைந்ததாலும் மறு அட்மிஷன் தவிர்க்கப்பட்டதாலும் மிச்சமான பணம், கூடுதல் செவிலியருக்குச் செலவான பணத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நிதி இல்லை என்ற பதிலுக்கு இதைவிட நேரான மறுமொழி எனக்குத் தெரியாது.

நம்மிடம் விதி இல்லாமலில்லை. பயிற்சி மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒருவர், பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒருவர், அதற்குமேல் விடுப்புக்கு ஈடாகக் கூடுதல் ஆள் என்று இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு நெடுநாளாக இருக்கிறது. வார்டில் அதைக் காண்பதுதான் அரிது. தமிழ்நாட்டில் 2015 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஆயிரக்கணக்கான செவிலியர் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பலமுறை தெருவில் உட்கார்ந்தார்கள். அதைச் சம்பளப் பிரச்சினையாக மட்டும் நான் பார்க்கவில்லை. நாளை இருப்போமா என்று தெரியாத ஒருவரை வைத்துக்கொண்டு ஒரு வார்டின் அனுபவத்தைச் சேர்த்து வளர்க்க முடியாது. 1947-ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசிய செவிலியர், பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. ஆணையம் கல்லூரிகளைச் சோதிப்பதோடு நிற்காமல், வார்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

பென்சில்வேனியாவின் 7 விழுக்காடு அப்படியே நம் வார்டுக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். நம் நோயாளிகள் வேறு, நோய் முற்றிய பிறகு வருகிறார்கள், குடும்பம் பக்கத்தில் இருக்கிறது. நமக்கு நம் எண் வேண்டும். அதற்குப் பெரிய நிதியோ வெளிநாட்டுக் குழுவோ தேவையில்லை. தமிழ்நாட்டில் பேறுகால மரணம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தணிக்கை செய்கிறோம். ரத்தம் கிடைத்ததா, ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, மருத்துவர் எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று கேட்கிறோம். அந்தப் படிவத்தில் இன்னொரு வரி சேர வேண்டும்: அந்தப் பணிநேரத்தில் அந்த வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர்? அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நிகழும் ஒவ்வொரு இறப்புக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றாட நோயாளிக் கணக்கை (சென்சஸ்) எழுதும் அதே நோட்டில் ஒவ்வொரு பணிநேரத்துக்கும் நோயாளி எண்ணிக்கையையும், உண்மையில் வார்டில் நின்ற செவிலியர் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டி, நர்சிங் சூப்பரின்டெண்டன்டிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டு எழுதினால் அது ஒரு வார்டின் வரலாறு. நூறு வார்டுகளில் எழுதினால் அதை ஒதுக்கிவைத்துவிட்டு எந்த அரசும் கொள்கை வகுக்க முடியாது.